உளி போட்ட வடு, கறுப்புக் கோடானது

கடைசல் இயந்திரத்தில் (லேத்) சுழன்றுகொண்டிருந்த மரக் கிண்ணத்தின் விளிம்புக்குக் கீழே கடைசல் உளி திடீரென்று மரத்தைக் கவ்வியது. ஒரு நொடிதான், 2 மி.மீ. ஆழத்துக்குச் சுருளாக ஒரு வடு. சுவரின் கனமே 5 மி.மீ. சுற்றிலும் சீவிச் சரிசெய்தால் மிஞ்சுவது 3. அவ்வளவு மெல்லிய சுவர் உளி பட்டதும் அதிர ஆரம்பித்துவிடும்.

மறைக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டேன். வடுவின் மேலேயே, உளியின் கூர்முனையால் 'வி' வடிவத்தில் ஒரு பள்ளம் கடைந்தேன். வடு அதற்குள் அடங்கிவிட்டது. பிறகு உப்புத்தாள் வேலை முழுவதையும் முடித்தேன். அடுத்து பள்ளத்தைக் கருக்க வேண்டும்; கருக்கிய பிறகு தேய்த்தால் கரி பக்கத்து மரத்தில் அப்பிக்கொள்ளும் (முன்பு ஒன்றை அப்படித்தான் கெடுத்தேன்). கடைசியாக லேத்தை வேகமாக ஓடவிட்டு, மெல்லிய இரும்புக் கம்பியைப் பள்ளத்தில் அழுத்தினேன். உராய்வுச் சூட்டில் புகை வந்து பள்ளம் கறுத்ததும் எடுத்துவிட்டேன். கம்பியின் இரு முனையிலும் மரக் கைப்பிடி கட்டாயம் வேண்டும்; விரலில் சுற்றிப் பிடித்தால், சிக்கும்போது விரலையே இழந்துவிடலாம்.

ஒற்றைக் கோடு தையல் தழும்பு மாதிரித் தெரிந்தது. கீழே இன்னும் இரண்டு, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போட்டேன். பார்த்தவர்கள் குறை சொன்னது அடிப்பாகத்தைத்தான். அது நான் திட்டமிட்டுக் கடைந்தது!