17-ஆவது மட்டை எங்கே? எண்வரிசைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் புக்கிட் ரோத்தான் பக்கம் டியூஷன் எடுக்கிறேன். சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப் பனை). படிவம் 4 கூடுதல் கணிதத்தில் (அட்மேட்ஸ்) 'ஜன்ஜாங்', அதாவது எண்வரிசைப் பாடம் தொடங்கிய வாரத்தில் ஒரு பையன் வந்து, "டீச்சர், செம்பனை மட்டையை 1, 8, 16-ன்னு எட்டு எட்டா எண்ணினேன். அப்பா தப்புங்கிறாரு" என்றான். அப்பாவுக்குத் தோட்டத்தில் ஓலை சாம்பிள் எடுக்கிற வேலை.

மரத்துக்கு என்ன உரம் குறைகிறது என்று பார்க்க, வளர்ந்த செம்பனையில் 17-ஆவது மட்டையிலிருந்துதான் ஓலையை நறுக்கி லேப்புக்கு அனுப்புவார்கள். குருத்தை விட்டுவிட்டு, முழுசாக விரிந்த இளம் மட்டையை 1 என்று வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் ஒவ்வொன்றாக எண்ணத் தேவையில்லை. அதே சாய்வு வரிசையில் அதற்குக் கீழே இருப்பது 9, அதற்கும் கீழே 17. பழகிய கண் இரண்டே தாவலில் பிடித்துவிடும்.

பையனுக்கு வித்தியாசம் 8 என்று தெரிந்திருக்கிறது. 8-ஐ 1-உடன் கூட்டாமல், 8-ஆவது மட்டையையே தேடியிருக்கிறான். தேர்வில் மதிப்பெண் பறிபோவதும் இங்கேதான். 17 அந்த வரிசையில் மூன்றாவது; ஆனால் தாவல் இரண்டு. உறுப்பின் (வரிசையில் உள்ள எண்ணின்) இடத்திலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் வித்தியாசத்தால் பெருக்க வேண்டும். நேராகப் போகும் வேலிக்குப் பத்துக் கம்பம் நட்டால் இடைவெளி ஒன்பதுதானே?

அடுத்த தவறு கொஞ்சம் படித்தவர்கள் செய்வது. 1, 1, 2, 3, 5, 8, 13, 21 என்று முந்தைய இரண்டையும் கூட்டிப் போகும் பிபனாச்சி வரிசை செடிகொடிகளில் இருக்கிறது என்று கேட்டிருப்பார்கள். "9, 17 எல்லாம் அதில் இல்லையே, அப்போ செம்பனையில் பிபனாச்சி கிடையாதா?" என்பார்கள். இருக்கிறது. மட்டைக்கு நாம் வைத்த நம்பரில் இல்லை, தாவலில் இருக்கிறது. புதிய மட்டை ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து கிட்டத்தட்ட 137.5 பாகை திரும்பி முளைக்கிறது. எட்டு முறை திரும்பினால் 1,100 பாகை. மூன்று முழுச் சுற்றுக்கு 1,080 போக மிச்சம் 20. அதனால்தான் 9-ஆவது மட்டை 1-க்கு நேர் கீழே இல்லாமல் சற்றே ஒதுங்கி நிற்கிறது. பதின்மூன்று முறை திரும்பினால் 1,787.5, ஐந்து சுற்றுக்கு 12.5 குறைவு, ஆகவே அது மறுபக்கம் ஒதுங்கும். மட்டை வெட்டிய அடிக்கட்டைகள் ஒட்டியிருக்கும் மரத்தைச் சுற்றி வந்து பாருங்கள்: ஒரு பக்கம் சாயும் வரிசைகள் 8, எதிர்ப்பக்கம் சாய்பவை 13.

இதற்காக மரம் கணக்குப் போடுகிறது என்று சொல்லிவிடக் கூடாது. 1992-இல் பிரான்சில் டூவாடி, கூடே என்ற இயற்பியலாளர்கள் ஒன்றையொன்று தள்ளும் காந்தத் திரவத் துளிகளை ஒவ்வொன்றாக எண்ணெய்த் தட்டில் சொட்டவிட்டபோதும் இதே சுருள்கள் வந்தன. புதிதாக வருவது, முன்பு வந்ததை விட்டு விலகி இடம் தேடினாலே போதும்.

எங்கே பார்த்தாலும் பிபனாச்சி என்று கிளம்புவதும் தவறு. செம்பருத்திக்கு 5 இதழ், சரி. வாசலில் இருக்கும் இட்லிப் பூவுக்கு 4. மங்குஸ்தானின் அடியில் பூப்போல் இருக்கும் மடல்களை எண்ணினால் உள்ளே எத்தனை சுளை என்று உடைக்காமலே சொல்லலாம். அது 6, 7 என்றும் வரும். படங்களில் பொன் விகிதச் சுருள் (அடுத்தடுத்த பிபனாச்சி எண்களின் விகிதம் நெருங்கும் சுமார் 1.618-ஆல் ஒவ்வொரு கால் சுற்றிலும் விரிவது) என்று காட்டுகிறார்களே அந்த நாட்டிலஸ் சிப்பி, அதுவும் பொருந்தாது. பொன் சுருள் ஒரு முழுச் சுற்றில் சுமார் 6.85 மடங்கு விரியும்; சிப்பி ஏறக்குறைய 3 மடங்குதான்.

நாலைந்து எண்ணைப் பார்த்ததும் அடுத்ததைச் சொல்லும் அவசரம் எனக்கும் உண்டு. வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோட்டால் இணையுங்கள், மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டாதபடி. புள்ளி ஒவ்வொன்றாகக் கூடக்கூட வட்டம் 1, 2, 4, 8, 16 துண்டாகும். ஆறாவது புள்ளிக்கு 32 என்று எழுதிவிடுவோம். எண்ணினால் 31. (நாலு நம்பர் லாட்டரி எடுக்கிற மாமாக்கள் பழைய முடிவுகளில் 'வரிசை' தேடுவது வேறு கதை. அங்கே வரிசையே கிடையாது. பத்தாயிரம் எண்ணுக்கும் சம வாய்ப்பு.)

தொடர்வரிசை வேறு, அதைக் கூட்டினால் வரும் தொடர் வேறு. 1, 1/2, 1/3, 1/4 என்று உறுப்புகள் பூஜ்யத்தை நோக்கித் தேய்வதால் கூட்டுத்தொகையும் எங்கோ நின்றுவிடும் என்று நினைப்போம். நிற்காது. 10-ஐத் தாண்டவே 12,367 உறுப்பு வேண்டும், ஆனாலும் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

பிபனாச்சி என்ற பெயரையும் சொல்லிவிடுகிறேன். பிபனாச்சி எனப்படும் பிசா நகரத்து லியோனார்டோ 1202-இல் முயல்கள் பெருகும் கணக்காக இந்த வரிசையை எழுதினார். அவருக்கு முன்பே விரகாங்கர், ஹேமச்சந்திரர் போன்ற இந்திய யாப்பறிஞர்கள் இதே எண்களைக் கண்டிருந்தார்கள். குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2 என்று வைத்து 4 மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம் என்று எழுதிப் பாருங்கள். 5 வரும். 5 மாத்திரைக்கு 8.

பையன் போன வாரம் 17-ஆவது மட்டையைச் சரியாகப் பிடித்துவிட்டானாம். அடுத்த மரத்துக்குப் போனால் 8-இன் வரிசை எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. "டீச்சர், அந்த மரம் தப்பா வளந்திருக்கு" என்றான். இடச்சுற்று, வலச்சுற்று இரண்டும் ஒரே தோட்டத்தில் கலந்துதான் நிற்கும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் 1, 9, 17-தான்.