டீம் ஃபோர்ட்ரஸ் 2-க்கு முதல் மேப்: பாதியைக் கட்டி மீதியைத் திருப்புங்கள்

சிவப்பு, நீலம் என்று இரண்டு அணிகள் சுட்டுக்கொள்ளும் வால்வ் நிறுவனத்தின் விளையாட்டான டீம் ஃபோர்ட்ரஸ் 2 வந்தது 2007 அக்டோபரில், ஆறே மேப்களோடு (ஆட்டம் நடக்கும் களங்கள்). பிறகு சேர்ந்தவற்றில் ஏராளமானவை ரசிகர்கள் செய்து கொடுத்தவை. 2023 கோடை அப்டேட்டில் வந்த மேப்களையும் தொப்பிகளையும் பாருங்கள், ஸ்டீம் ஒர்க்‌ஷாப்பில் ரசிகர்கள் போட்டவை. இந்த விளையாட்டு இத்தனை வருடம் தாக்குப்பிடித்ததற்கு அவர்கள்தான் முக்கியக் காரணம் என்று நம்புகிறேன். நீங்களும் செய்யலாம். மேப் கட்டும் மென்பொருளான ஹேமர் எடிட்டர் விளையாட்டோடு சேர்ந்தே இன்ஸ்டால் ஆகிவிடும், தனியாக வாங்க வேண்டியது எதுவும் இல்லை.

முதல் மேப் 'கிங் ஆஃப் த ஹில்' ஆக இருக்கட்டும். 2009-ல் வயாடக்ட் மேப்போடு வந்த முறை இது. நடுவில் ஒரே பாயின்ட், மொத்தம் மூன்று நிமிடம் அதைக் கையில் வைத்திருக்கும் அணிக்கு வெற்றி. வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் பேலோட் முறை போல வண்டி, தண்டவாளம், செக்பாயின்ட் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சிவப்பு அணியின் பாதியை மட்டும் கட்டுங்கள். அதை மொத்தமாகக் காப்பி எடுத்து, கன்ட்ரோல்-எம் அழுத்தி, இசட் அச்சில் 180 டிகிரி திருப்பினால் மறுபாதி தயார். திருப்பிய பக்கத்தில், வீரர்கள் தோன்றும் ஸ்பான் இடங்களை நீல அணிக்கு மாற்ற மறந்துவிடாதீர்கள்.

தூரத்தைக் கண்ணால் அளக்காதீர்கள். வேகமான வீரனான ஸ்கவுட் நொடிக்கு 400 யூனிட் (ஹேமரின் நீள அளவு) ஓடுவான், மெதுவான ஹெவிக்கு 230தான். ஸ்பானிலிருந்து பாயின்ட் வரை 2,400 யூனிட் என்றால் ஸ்கவுட்டுக்கு ஆறு நொடி, ஹெவிக்குப் பத்து நொடிக்கு மேல். நான் எப்போதும் ஹெவியாகவே நடந்து பார்ப்பேன், அவனுக்குச் சலிக்காத வழி மற்ற யாருக்கும் சலிக்காது. தானாகச் சுடும் துப்பாக்கியான சென்ட்ரியின் வீச்சு 1,100 யூனிட். ஒரே இடத்தில் வைத்த சென்ட்ரி பாயின்ட்டையும் எதிரணியின் வாசலையும் சேர்த்துக் காவல் காத்தால் இடையில் ஒரு சுவர் எழுப்புங்கள்.

இனி லீக். முதல் மேப்பில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். மேப்பைச் சுற்றி ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும், எங்கிருந்து எது தெரியும் என்று கணக்கிடும் விவிஸ் நிரல் ஓடாது. தண்ணீர் மறைந்துவிடும், ஒளி சரியாக விழாது, ஃப்ரேம் ரேட் படுத்துவிடும். என் முதல் மேப்பில் இதற்கே இரண்டு இரவு போனது. சுவர் சுவராகத் தடவிப் பார்த்தும் கிடைக்கவில்லை. கடைசியில் மேப் மெனுவில் 'லோட் பாயின்ட்ஃபைல்' அழுத்தினேன். ஸ்பான் அறை விளக்கிலிருந்து ஒரு சிவப்புக் கோடு கிளம்பி, வாசலைத் தாண்டி, பாறை வழியாக வெளியே போனது. அந்தப் பாறை டிஸ்பிளேஸ்மென்ட், அதாவது மேடு பள்ளமாக வளைத்த பரப்பு. பார்க்கத்தான் திடமாக இருக்கும், மேப்பை அடைக்காது. அதன் பின்னால் ஒரு நோட்ரா பிளாக் (கண்ணுக்குத் தெரியாத திடமான கட்டை) வைத்ததும் கம்பைல், அதாவது மேப்பை ஆடக்கூடிய ஃபைலாக மாற்றும் வேலை, முடிந்தது. ஃபங்க்-டீடெயில் (விவிஸ் கணக்கில் சேராத நுணுக்க வேலை) ஆக்கிய சுவரும் அடைக்காது, அதையும் நினைவில் வையுங்கள்.

அலங்காரம் இப்போது வேண்டாம். சாம்பலும் ஆரஞ்சுமான டெவ் டெக்ஸ்சரோடு (சோதனைக்கான வெற்றுப் பூச்சு) ஆட்களைக் கூட்டி ஆடவிடுங்கள். பக்கவாட்டில் நான் ஆசையாகக் கட்டிய சுரங்கப்பாதையில், 24 பேர் ஆடிய சோதனையில், ஒரே ஒரு ஸ்பைதான் நுழைந்தான். பாதையை அகலப்படுத்தவில்லை. வேறொரு மூலையில் இருந்த நடுத்தர ஹெல்த் கிட்டைச் சுரங்கத்தின் வாயில் கொண்டுவந்து வைத்தேன். அது பாதி உயிரைத் திருப்பித் தரும். அடுத்த சோதனையில் அடிபட்ட சோல்ஜர்கள் அங்கே ஓடினார்கள், அவர்களைத் துரத்திப் பைரோக்களும் வந்தார்கள். விளக்கிச் சொல்லி எவரையும் ஒரு வழியில் போகவைக்க முடியாது. ஹெல்த் கிட் போகவைக்கும்.

ஆட்டம் நன்றாக அமைந்த பிறகே வண்ணம். சிவப்பு அணிப் பக்கம் மரமும் வெதுவெதுப்பான நிறங்களும், நீல அணிப் பக்கம் கான்கிரீட், உலோகம், குளிர்ந்த நிறங்கள். 2007-லிருந்து வால்வ் வைத்திருக்கும் வழக்கம் இது. சண்டைக்கு நடுவே தலையைத் தூக்கினால், எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று நிறமே சொல்லிவிடும்.

ஒவ்வொரு முறை திருத்தும்போதும் ஃபைல் பெயரை மாற்றுங்கள்: ஏ1, ஏ2 (ஆல்பா), பிறகு பி1 (பீட்டா). ஒரு சுவரை மட்டும் நகர்த்தியிருந்தாலும் சரி. பழைய பெயரிலேயே வெளியிட்டால், முந்தைய ஃபைலை வைத்திருப்பவர்களிடம் 'உங்கள் மேப் சர்வரின் மேப்பிலிருந்து வேறுபடுகிறது' என்று சொல்லி உள்ளேயே விடாது.