சஹாராவைக் காரில் கடக்கத் திட்டமிடும்போது செய்யக்கூடாத தவறுகள்

1982 ஜனவரியில், பாரிஸ்–டக்கார் பந்தயத்தில் ஓடிய ஒரு பெஷோ 504 கார் அல்ஜீரியப் பாலைவனத்தில் காணாமல் போனது. காரில் இருந்த மூவரில் ஒருவர் மார்க் தாட்சர், அன்றைய பிரிட்டன் பிரதமரின் மகன். ஆறு நாள் கழித்து அல்ஜீரிய ராணுவ விமானம் அவர்களைக் கண்டுபிடித்தபோது, பாதையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருந்தார்கள். எந்த முன்தயாரிப்பும் செய்யாமல் போனதாக அவரே பின்னாளில் எழுதினார். வழியில் தங்களைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் இடத்தைத் திசை மாற்றிச் சொல்லிவிட்டார்கள் என்றும் சொன்னார். இத்தனைக்கும் முன்னும் பின்னும் ஒரு பந்தயமே ஓடிக்கொண்டிருந்தது.

இன்று எல்லார் கையிலும் ஜிபிஎஸ் இருக்கிறது. ஆனாலும் மக்கள் சிக்கிக்கொள்ளும் விதம் பெரிதாக மாறவில்லை. ஒரே வண்டி, ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே போன் என்று ஏதாவது ஒன்றை மட்டும் நம்பிக் கிளம்பிவிடுகிறார்கள்.

முதல் தவறு வரைபடத்திலேயே நடக்கிறது. மொராக்கோவுக்குள் நுழைந்து, அப்படியே கிழக்கே அல்ஜீரியாவுக்குப் போகலாம் என்று கோடு போடுகிறார்கள். அந்த இரு நாடுகளுக்கு நடுவே தரைவழி எல்லை 1994 முதல் மூடிக் கிடக்கிறது. அல்ஜீரியாவின் தெற்கே தமன்ராசெட், ஜானெட் பக்கம் நீங்களாகச் சுற்ற முடியாது, வழிகாட்டி வேண்டும். 2003இல் 32 ஐரோப்பியப் பயணிகள் கடத்தப்பட்டது அல்ஜீரிய சஹாராவில்தான். மாலி, நைஜர் வழியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சொந்த வண்டியில் வடக்கிலிருந்து தெற்கே கடக்க நான் சொல்லக்கூடிய வழி அட்லாண்டிக் கரையோரச் சாலைதான்: மேற்கு சஹாரா, குவெர்குவரட் எல்லை, அப்புறம் மொரிட்டானியா. அந்த எல்லைப் பகுதியில் கண்ணிவெடிகள் உண்டு. சிறுநீர் கழிக்கக்கூடப் பாதையை விட்டு விலகாதீர்கள்.

மொரிட்டானியாவில் சாலையை விட்டு இறங்கி அட்டார், ஷிங்கெட்டி, வதான் பக்கம் போகும்போதுதான் உண்மையான பாலைவனம் தொடங்குகிறது. டீசல் கணக்கு தப்புவதும் அங்கேதான். வரைபடத்தில் 500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தார்ச்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கும் வண்டிக்கு 60 லிட்டர் போதும் என்று தோன்றும். ஆனால் மணலில் அதே வண்டி 20 லிட்டர் கேட்கும். மணல்மேடுகளைச் சுற்றிப் போவதில் 500 என்பது 600 ஆகும். ஆக 120 லிட்டர். அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கைவசம் வேண்டும். 160 லிட்டர் வந்துவிட்டது. குளிர்காலத்திலேயே ஆளுக்கு நாளுக்கு 6 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், மூன்று பேருக்கு ஏழு நாளுக்கு 126 லிட்டர். இரண்டும் சேர்ந்து 260 கிலோவைத் தொடும். இந்தப் பாரத்தைக் கூரைமேல் கட்டுவது அடுத்த தவறு. சரிவில் வண்டி கவிழும், அலையலையான மண்பாதையில் கூரைச்சட்டம் விரிசல் விடும். கனமானதெல்லாம் கீழே, இரண்டு அச்சுகளுக்கும் நடுவே இருக்கட்டும். தண்ணீரைப் பல கேன்களில் பிரித்து வையுங்கள். ஒன்று பொத்துக்கொண்டால் மற்றது இருக்கும்.

டயர் விஷயத்தில் பலருக்கும் மனசு வராது. 35 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டிய டயரை மணலுக்கு முன்னால் 18க்கு இறக்கச் சொன்னால் தயங்குவார்கள். அப்படியே உள்ளே போய்ப் புதைந்த பிறகு ஆக்ஸிலேட்டரை மிதிப்பார்கள். மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டும். காற்றை இறக்கினால் டயர் நீளவாக்கில் பரந்து, பாரத்தைப் பிரித்துக்கொள்ளும். மாட்டிக்கொண்டால் கொஞ்ச நேரத்துக்கு 12 வரைகூட இறக்கலாம். அந்த நிலையில் வேகமும் சட்டென்ற திருப்பமும் கூடாது, டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். மறுபடி தார்ச்சாலை ஏறும் முன் காற்று நிரப்பியாக வேண்டும், இல்லையென்றால் டயர் சூடேறி வெடிக்கும். எனவே நல்ல கம்ப்ரஸர் இல்லாமல் புறப்படாதீர்கள். புதைந்த சக்கரத்துக்கு அடியில் வைக்கும் மணல்பலகை, மண்வெட்டி, இழுவைக் கயிறு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இழுக்க இன்னொரு வண்டி இல்லையென்றால் கயிறு எதற்கு? தனி வண்டியில் ஆள் நடமாட்டமில்லாத பாதைக்குள் போவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

காலம்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை. கோடையில் 45 டிகிரியைத் தாண்டும், அப்போது மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கு செல்லாது. நடுப்பகலில் நிழல் அதிகம் விழாது என்பதால் மணல்மேட்டின் மறுபக்கச் சரிவு கண்ணுக்கே தெரியாது. காலையிலேயே ஓட்டி முடியுங்கள். இரவில் வறண்ட ஆற்றுப்படுகையில் கூடாரம் போடாதீர்கள். எங்கோ மலையில் பெய்த மழை வெள்ளமாக அங்கே இறங்கும்.

கடைசியாகத் தொடர்பு. செல்போன் சிக்னலை நம்ப முடியாது, சாட்டிலைட் கருவி வேண்டும். ஆனால் அதை வாங்கும் முன் போகிற நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். இந்தியாவிலிருந்து கிளம்புகிறவர்கள் இங்கேயும் கவனிக்க வேண்டும்: துரயா, இரிடியம் சாட்டிலைட் போன்களை அனுமதியின்றி வைத்திருப்பது இங்கே குற்றம். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடக்காதீர்கள். விமானத்திலிருந்து கார் தெரியும், மனிதன் தெரிய மாட்டான்.

வீட்டில் இருப்பவரிடம் "தினமும் பேசுகிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். எந்தப் பாதை, எத்தனை வண்டி, என்ன நிறம், எந்த நாள் எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். இடத்தைச் சொல்லும்போது கிழக்கு, மேற்கு என்று சொல்லாமல் ஜிபிஎஸ் எண்களாகவே சொல்லுங்கள், கேட்டவரைத் திருப்பிப் படிக்கவும் சொல்லுங்கள்.