படகில் ஈபிர்ப் கருவியைப் பொருத்துவதற்கு இடம் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஈபிர்ப் எனப்படும் அபாய அறிவிப்புக் கருவி, 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கோஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டுத் தேடல்-மீட்பு அமைப்பின் செயற்கைக்கோள்களுக்குச் செய்தி அனுப்புகிறது. அதன் பேட்டரி குறைந்தது 48 மணி நேரம் தாங்கும். ஆனால் நீருக்கடியில் இருந்து அந்த அலை வெளியே வராது. ஆகவே, படகு நிமிர்ந்து நிற்கும்போது எந்த இடம் வசதியாகத் தெரிகிறது என்று பார்க்காமல், அது கவிழும்போதும் மூழ்கும்போதும் கருவி எங்கே இருக்கும் என்று பார்த்தே இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

முதலில், உங்களிடம் உள்ளது எந்த வகை என்று பாருங்கள். தானாக விடுபடும் வகை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். உறை ஏறத்தாழ 1.5 முதல் 4 மீட்டர் ஆழத்துக்குப் போனதும் நீரழுத்தம் அதன் மூடியைத் திறந்துவிட, கருவி மிதந்து மேலே வந்து இயங்கத் தொடங்கும். மற்றொரு வகையை நாமே தாங்கியிலிருந்து கையால் எடுக்க வேண்டும்.

இரண்டாவதாக, தானாக விடுபடும் வகைக்குத் திறந்த மேல்தளத்தில் இடம் தேடுங்கள். காலி உறையை உத்தேசித்த இடத்தில் பிடித்துக்கொண்டு மேலேயும் பக்கவாட்டிலும் பாருங்கள். கூரை விளிம்பு, கம்பி, கயிறு, வலை, வெயில் மறைப்பு என எதுவும் கருவியின் வழியை மறிக்கக் கூடாது. மூடி தெறித்து விழுவதற்கும் இடம் வேண்டும். படகு முன்பக்கமாக மூழ்கினால், பின்பக்கமாக மூழ்கினால், பக்கவாட்டில் சாய்ந்தால் என்று ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே நினைத்துப் பார்ப்பது அவசியம். கேபின் கூரையின் மேற்பகுதி பெரும்பாலும் நல்ல தேர்வு, ரேடாரின் அலைவீச்சுப் பாதையில் அது அமையாத வரை.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நுரை நிரப்பிய சிறு படகுகளும் இரட்டை உடல் கொண்ட படகுகளும் கவிழ்ந்தாலும் மூழ்காமல் மிதக்கக்கூடியவை. அப்போது உறை தேவையான ஆழத்தை எட்டாமலே போகலாம். எட்டினாலும் கருவி தலைகீழான தளத்தின் அடியில் சிக்கிக்கொள்ளலாம். இத்தகைய படகுக்குக் கையால் எடுக்கும் வகையே பொருத்தமானது என்பது என் கருத்து.

அந்த வகையைக் கேபின் வாசலுக்கு உட்புறம், உள்ளே இறங்காமலே கைக்கு எட்டும் உயரத்தில் பொருத்துங்கள். பூட்டிய பெட்டிக்குள்ளோ உயிர்காப்பு அங்கிகளின் குவியலுக்கு அடியிலோ வைக்க வேண்டாம்.

மூன்றாவதாக, திசைகாட்டியைக் கவனியுங்கள். கருவி தாங்கியில் இருக்கும்போது ஈரம் பட்டு இயங்கிவிடாமல் தடுப்பதற்குப் பல மாதிரிகளில் ஒரு காந்தம் உண்டு. கையேட்டில் சொல்லப்பட்ட இடைவெளியை விட்டபின், கருவியை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் முள் அசைகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, அதிர்வைத் தாங்கும் உறுதியான பரப்பில், துருப்பிடிக்காத போல்ட்டுகளால் முடுக்குங்கள். கருவியோடு வரும் கயிற்றைப் படகில் கட்டவே கூடாது. கட்டினால் படகு அதையும் இழுத்துக்கொண்டு மூழ்கும். அக்கயிறு, பின்னர் கருவியை உயிர்காப்பு மிதவையோடு இணைத்துக்கொள்வதற்கு உரியது. நீரழுத்தத்தில் மூடியைத் திறக்கும் விடுவிப்பு அமைப்பைப் பொதுவாக 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருப்பதால், அதன் காலாவதித் தேதி கண்ணில் படும் பக்கமாக உறையைத் திருப்பிப் பொருத்துங்கள்.