பிடிஎஃப் திறக்கும் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டீர்களா?

லினக்ஸ் கணினியில் எவின்ஸ், ஓகுலர் போன்றவற்றில் பிடிஎஃப் படிப்பவர்கள், அவற்றின் பின்னணியில் இயங்கும் பாப்ளர் நிரலகம் (பிற மென்பொருள்கள் பயன்படுத்திக்கொள்ளும் நிரல் தொகுப்பு) 22.09.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாக உள்ளதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். அதற்கு முந்தைய பதிப்புகளில், ஸ்கேன் செய்த பக்கங்களைச் சுருக்கிவைக்கும் ஜேபிக்2 படங்களைப் பிரித்துப் படிக்கும் பகுதியில் முழு எண் வழிதல் (கணக்கின் விடை, அதற்கு ஒதுக்கிய இடத்தில் அடங்காமல் போவது) என்னும் குறை இருந்தது.

குறியற்ற, அதாவது எதிர்மறை மதிப்பு ஏற்காத, 32 பிட் எண்ணில் அடங்கும் மிகப்பெரிய மதிப்பு 4,294,967,295. அதனுடன் ஒன்றைக் கூட்டினால் விடை சுழியாகிவிடும். கோப்பிலுள்ள எழுத்துருவங்களின் எண்ணிக்கையைக் கூட்டும்போது இப்படி வழிந்தால், மென்பொருள் மிகச் சிறிய நினைவிடத்தை ஒதுக்கிவிட்டு, அதன் எல்லையைத் தாண்டி எழுதத் தொடங்கும். தாக்குபவருக்கு வேண்டியதும் அதுதான். 2021-இல் ஜிஃப் படம் என்ற பெயரில் வந்த பிடிஎஃப் கோப்புகள் வழியாக, பயனர் எதையும் தொடாமலே ஐஃபோன்களுக்குள் பெகாசஸ் உளவு மென்பொருள் நுழைந்தது இதே வகைக் குறையால்தான் என்பதால், இதை அலட்சியப்படுத்த வேண்டாம். ஆப்பிள் அந்த செப்டம்பரிலேயே ஐஓஎஸ் 14.8 வழியாக அதை அடைத்தது.

டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகள் பழைய பதிப்பு எண்ணிலேயே திருத்தத்தைச் சேர்த்துத் தருவதுண்டு. ஆகவே எண் பழையதாகத் தெரிந்தாலும் பதற்றப்படாமல், நிலுவையிலுள்ள பாதுகாப்புப் புதுப்பிப்புகள் அனைத்தையும் நிறுவிவிடுங்கள்.