தமிழ் ஆப்பை டெஸ்ட் செய்ய திருவல்லிக்கேணியும் தாம்பரமும் போதும்

ஓ.எம்.ஆர். பக்கம் டெஸ்டிங் வேலையில் புதிதாகச் சேர்ந்து, "நீங்கதான் தமிழாச்சே, தமிழ் வெர்ஷனையும் பார்த்துடுங்க" என்று உங்கள் தலையில் கட்டிவிட்டார்களா? எழுத்துப்பிழை பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். மொழிபெயர்ப்பு சுத்தமாக இருக்கும், நாம் உள்ளே போடும் தமிழில்தான் ஆப் உடையும். அதனால் சென்னை ஊர்ப்பெயர்களையே டெஸ்ட் டேட்டாவாக வைத்துக்கொள்ளலாம்.

முதல் படி, மொழிபெயர்ப்பு வருவதற்கு முன்பே. ஆண்ட்ராய்டு ஆப் என்றால் டீபக் பில்டில் (டெவலப்பர்கள் சோதனைக்காக உருவாக்கும் பதிப்பு) சூடோலோக்கேலை, அதாவது சோதனைக்கான போலி மொழியை, ஆன் செய்து தரச் சொல்லுங்கள். ஆங்கில எழுத்துகள் தலையில் குறிகளோடு, வாசகமும் நீண்டு தெரியும். எந்த வரி மட்டும் மாறாமல் சாதாரண ஆங்கிலமாகவே நிற்கிறதோ, அது புரோகிராமுக்குள் நேரடியாக எழுதப்பட்டது, மொழிபெயர்ப்பாளர் கைக்குப் போகவே போகாது.

இரண்டாவது, போன் மொழியைத் தமிழாக்கி, எழுத்தளவையும் பெரிதாக்கி, எல்லாத் திரைகளையும் பாருங்கள். பட்டன்களில் 'கீ'யின் தலையும் 'சூ'வின் காலும் வெட்டுப்படுகிறதா?

மூன்றாவதுதான் முக்கியம். முகவரியில் 'திருவல்லிக்கேணி' என்று அடியுங்கள். நமக்கு அது 8 எழுத்து, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் 15 குறியீடு (கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும்), அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையின் கணக்கில் 45 பைட். 12 குறியீடுதான் எல்லை என்று கட்டம் வைத்திருந்தால் பெயர் முழுதாக ஏறாது, ஆறாவது குறியீட்டில் வெட்டினால் புள்ளி போய் 'திருவல' என்று நிற்கும். அப்புறம் 'கொரட்டூர்'. அதன் 'ொ' ஒரே குறியீடாகவும் இருக்கலாம், 'ெ', 'ா' என்று இரண்டாகவும் இருக்கலாம், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஒரு விதமாகச் சேமித்து இன்னொரு விதமாகத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் 'நார்மலைசேஷன் இல்லை' (இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கவில்லை) என்று எழுதினால் டெவலப்பருக்குப் புரியும். வரிசையையும் பாருங்கள்: தாம்பரம், வடபழனி, ஜாபர்கான்பேட்டை என்று வரவேண்டும். வெறும் யூனிகோடு எண்படி அடுக்கினால் ஜாபர்கான்பேட்டை முதலில் வந்து உட்காரும்.

அடுத்து, ஊர்ப்பெயரோடு 'க்கு' ஒட்டும் வாசகங்கள். கிண்டியை வைத்துப் பார்த்தால் 'கிண்டிக்கு டிக்கெட்', எல்லாம் சரி. தாம்பரத்தைப் போட்டதும் 'தாம்பரம்க்கு டிக்கெட்' என்று பல்லிளிக்கும். ஒவ்வொரு ஊருக்கும் வேற்றுமை உருபு கணக்குப் போடச் சொல்வது வீண் வேலை, 'செல்லுமிடம்: தாம்பரம்' என்று மாற்றச் சொல்லுங்கள். பெயர்ப் படிவத்தில் இரண்டாம் பெயர் கட்டாயமா, அதில் 'சு' என்று இனிஷியல் மட்டும் போட்டால் ஏற்கிறதா என்பதையும் சோதியுங்கள், நம்மில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது.

தமிழ் என்றால் இந்தியா மட்டும் இல்லை. மொழியை அப்படியே வைத்து நாட்டைச் சிங்கப்பூராக மாற்றுங்கள். 12,34,567 என்பது 1,234,567 ஆகவேண்டும். போனின் நேர மண்டலத்தையும் சிங்கப்பூருக்கு மாற்றினால், நேரம் இரண்டரை மணி முன்னால் போகவேண்டும்.

பக் எழுதும்போது போனின் மொழி, நாடு இரண்டையும் குறியுங்கள். ஸ்கிரீன்ஷாட்டோடு, அடித்த வாசகத்தையும் காப்பி செய்து ஒட்டிவிடுங்கள், படத்தில் இரண்டு கொரட்டூரும் ஒன்றுபோலத்தான் தெரியும்.