ரீல் ஆடினாலும் கலையாத கில்ட்: ஸ்காட்லாந்து நடன விருந்துக்குத் தயாராவது எப்படி?

இன்வர்னஸில் 1788-இல் தோன்றிய நார்தர்ன் மீட்டிங், ஓபன் நகரில் 1871-இல் தோன்றிய ஆர்கைல்ஷயர் கேதரிங் போன்ற பழைய அமைப்புகள் நடத்தும் இரவு நடன விருந்துகளில் வேடிக்கை பார்ப்பவர்கள் குறைவு, ஆடுபவர்களே அதிகம். அதனால் கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும், பின்பக்கம் மடிப்பு வைத்த கட்டம்போட்ட கம்பளி உடை) கண்ணாடி முன்னால் அழகாக இருந்தால் மட்டும் போதாது. முதல் ரீல் (வேகமான குழு நடனம்) முடிந்த பிறகும் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும்.

முதலில் அழைப்பிதழைப் பாருங்கள். 'பிளாக் டை' (மாலை விருந்து உடை) என்றிருந்தால் பிரின்ஸ் சார்லி எனப்படும் குட்டைக் கோட், மூன்று பொத்தான் வேஸ்ட்கோட் (கையில்லாத உள்கோட்), கறுப்பு போ டை. கோட்டின் முன்பக்கத்தை மூடக் கூடாது. அது திறந்து நிற்கவே தைக்கப்பட்டது. 'வைட் டை' (அதைவிட முறையான உடை) என்றால் மான்ட்ரோஸ், ஷெரிஃப்மியூர் வகை டப்லெட் எனப்படும் குட்டைக் கோட். கழுத்தில் ஜபோ எனப்படும் லேஸ் தொங்கல், மணிக்கட்டிலும் லேஸ். ஜபோவோடு போ டை சேராது. வேஸ்ட்கோட் போட்டால் பெல்ட் வேண்டாம், பக்கிள் வேஸ்ட்கோட்டின் அடியை முட்டித் தூக்கிவிடும். கில்ட் அணிய விருப்பமில்லாத விருந்தாளி வெள்ளை போ டையும் டெயில்கோட்டும் அணிந்து வரலாம். அதில் எந்தக் குறையும் இல்லை. டார்ட்டன் எனப்படும் கட்ட வடிவம் ஸ்காட்லாந்துக் குலங்களை அடையாளம் காட்டும்; குலத் தொடர்பு இல்லாமல் கில்ட் அணிய விரும்பினால் பிளாக் வாட்ச் டார்ட்டன் எவருக்கும் பொருந்தும். பால்மோரல் டார்ட்டன் அரச குடும்பத்துக்கு உரியது, அதைத் தொடாதீர்கள்.

நல்ல கில்ட்டுக்கு 8 கெஜம் கம்பளித் துணி பிடிக்கும். கெஜத்துக்கு 16 அவுன்ஸ் எடையுள்ள துணி கனம்தான், ஆனால் சுழலும்போது மடிப்பு விரிந்து, நின்றதும் தானே பழைய இடத்தில் விழும். மெல்லிய துணியில் அந்த ஒழுங்கு வராது. கில்ட் இடுப்பெலும்பில் நிற்பதில்லை, தொப்புள் உயரத்தில் நிற்கும். பேன்ட் அளவைச் சொல்லி வாடகைக்கு எடுப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்: கில்ட் கீழே இறங்கி முழங்காலை மூடிவிடும். விளிம்பு முழங்கால் சில்லின் மேல்பகுதிக்கும் நடுப்பகுதிக்கும் இடையில் நிற்க வேண்டும். மண்டியிட்டுப் பாருங்கள், விளிம்பு தரையில் புரளக் கூடாது.

கட்டும் முறை இது. மடிப்புகள் பின்னால் இருக்கும்படி கில்ட்டைப் பிடித்து, வலது முனையை வயிற்றின் குறுக்கே இடப்பக்கம் கொண்டுபோய், அதன் வாரை அங்குள்ள துளை வழியாக வெளியே எடுத்து மாட்டுங்கள். பிறகு இடது முனையை அதன் மேலே வலப்பக்கம் கொண்டுவந்து மாட்டுங்கள். குஞ்சம் வைத்த ஓரம் வலப்பக்கம் வந்தால் சரி. இடுப்பு வார்கள் இறுக்கமாக இருக்கட்டும். அடியில் மூன்றாவது வார் இருந்தால் அதைத் தளர்வாகவே விடுங்கள். இறுக்கினால் பின்பக்க மடிப்புகள் வாய் பிளக்கும். கில்ட் ஊக்கை மேல் மடலில் (மேலே வரும் முன்பக்கத் துணியில்) மட்டும் குத்துங்கள். இரண்டு மடல்களையும் சேர்த்துக் குத்தினால் முதல் துள்ளலிலேயே துணி கிழியும். சுழலும்போது கில்ட் மேலெழும் என்பதால் உள்ளே கருநிற உள்ளாடை அவசியம்.

ஸ்போரன் என்ற, கில்ட்டின் முன்னால் தொங்கும் பையை வேஸ்ட்கோட்டின் அடியிலிருந்து நான்கு விரல் இறக்கித் தொங்கவிடுங்கள். ஆடும்போது அது தொடையில் அடித்தால் இடது இடுப்புப் பக்கம் தள்ளிக்கொள்ளலாம். காலுறையின் மடிப்பு முழங்கால் சில்லுக்கு மூன்று விரல் கீழே நிற்கட்டும். ஸ்கியன் டூ என்ற சிறு கத்தி, வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு வலது காலுறையின் வெளிப்பக்கம், பிடியின் நுனி மட்டும் தெரியும்படி. தேசிய உடையின் பகுதியாக அதை அணிய ஸ்காட்லாந்துச் சட்டம் இடம் தருகிறது. விமானத்தில் மட்டும் சரக்குப் பெட்டியில் போட்டுவிடுங்கள். கில்லி ப்ரோக்ஸ் என்ற நீள நாடா வைத்த காலணியின் நாடாவை முன்னால் இரண்டு மூன்று முறை முறுக்கி, கணுக்காலைச் சுற்றி இரட்டை முடிச்சுப் போடுங்கள். கெண்டைக்கால்வரை ஏற்றிக் கட்டினால் அது சரிந்து காலடியில் மாட்டும். வெள்ளி பக்கிள் வைத்த பம்ப் ஷூ இருந்தால் அதுவே மேல்.

பெண்களுக்கு நீண்ட கவுன். பாதம் மறைந்தால் போதும், தரையில் இழுபடும் வால் வேண்டாம்; பின்னால் வருபவர் மிதித்தால் தையல் விட்டுப்போகும். பாவாடைப் பகுதி தாராளமாக இருக்கட்டும், குதிகால் தட்டையாக இருக்கட்டும். டார்ட்டன் சாஷ் (தோளில் போடும் நீளத் துணி) அணியும் வழக்கத்துக்கு ஒரு வரிசை உண்டு: குலப் பெண்கள் வலது தோளிலும், குலத் தலைவரின் மனைவி இடது தோளிலும் ப்ரூச் (அலங்கார ஊக்கு) குத்துவார்கள். வேறு குலத்தில் மணமாகியும் பிறந்த குலத்தின் டார்ட்டனை அணிபவர் வலது தோளில் போட்டு, இடது இடுப்பில் பெரிய போ முடிச்சாகக் கட்டுவார். நிறைய ஆடப் போகிறவர் சாஷைப் பின்னிடுப்பில் பொருத்தி வலது தோளில் குத்திக்கொண்டால், நுனிகள் முதுகுப்பக்கம் விழும். எதிரில் ஆடுபவர் முகத்தில் அடிக்காது. நீண்ட கையுறையைச் சாப்பாட்டு மேசையில் கழற்றிவிட வேண்டும்.

நடன அட்டை கொடுக்கும் விருந்துகளில் யாரோடு எந்த நடனம் என்று முன்பே பேசி எழுதிக்கொள்வார்கள். எழுதியபின் மறப்பது பெரிய அவமரியாதை. உங்களை அழைத்துவந்த குழுவினரோடு சில நடனங்களையாவது ஒதுக்குங்கள். நீள வரிசை நடனங்களில் ஆண்களின் இடது தோள் இசைக்குழுவின் பக்கம் இருக்கும். பெண்கள் எதிர் வரிசை. புதிதாகச் சேர்பவர் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும்.

எய்ட்சம் ரீலைக் கட்டாயம் பழகிவிட்டு வாருங்கள். நான்கு ஜோடிகள், 464 பார் (தாள அளவு) இசை, ஏறக்குறைய 8 நிமிடம். எட்டுப் பேரும் ஒவ்வொருவராக நடுவட்டத்துக்கு வந்தாக வேண்டும். பாதியில் ஒருவர் விலகினால் மீதி ஏழு பேரின் நடனமும் அதோடு முடிந்தது, ஆகவே மூச்சு வாங்கினாலும் நடந்தாவது முடியுங்கள். சுழலும்போது துணையின் கையை இழுக்காமல் உங்கள் எடையை நீங்களே தாங்குங்கள். வழி தவறியவரைக் கையால் திருப்பிவிடலாம், திட்டக் கூடாது.

இரவின் முடிவில் எல்லாரும் வட்டமாக நின்று 'ஆல்ட் லாங் சைன்' என்ற விடைபெறும் பாடலைப் பாடுவார்கள். தொடக்கத்திலேயே கைகளைக் குறுக்காகப் போடுவது பரவலான தவறு. கடைசிச் சரணம் தொடங்கும்வரை பக்கத்தில் இருப்பவர் கையைச் சாதாரணமாகப் பிடித்திருங்கள். அந்தச் சரணத்தில்தான் கைகளைக் குறுக்கிட்டுக் கோக்க வேண்டும்.